வேர் கறுத்தது

எனக்கு வாய் நீளம். நானே இதை ஒத்துக்கொள்கிறேன். வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மீசை முளைக்கும் முன்னாலிருந்தே வேலை பார்த்தவன். இந்த வாயால் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், ஒருத்தரும் அதனால் கெட்டுப்போகவில்லை. ஒரே ஒரு நாள் சந்தோஷமாக ஒரு வார்த்தை சொன்னேன். அதில் எங்கள் இருபத்திரண்டு வீட்டு லைனே காலியாகிவிட்டது.

தோட்டத்தில் என் வேலை வேர் பார்ப்பது. சொன்னால் சிரிப்பார்கள். தேயிலை என்றால் கொழுந்து பறிப்பது, கூடை, தலையில் கட்டின கயிறு, அவ்வளவுதான் வெளியாட்களுக்குத் தெரியும். தேயிலையும் ஒரு காட்டு மரம்தான். விட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டிப் போகும். அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது நம் கத்தி. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை இலை, வாது எல்லாவற்றையும் சீவித் தள்ளி, வெறும் கட்டையாக விடுவோம். அதற்குக் கவ்வாத்து என்று பேர். கவ்வாத்து செய்யாவிட்டால், தூர் என்று நாங்கள் சொல்கிற செடி முற்றிப்போய்க் கொழுந்து குறையும். செய்தால் புதுத் துளிர் விட்டுப் பழைய வேகத்துக்கு வரும்.

ஆனால் இலை ஒன்றுகூட இல்லாத கட்டை எதைத் தின்று துளிர்க்கும்? வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத்தான். அது இருக்கிறதா இல்லையா என்று வெட்டுவதற்கு முன்னால் பார்த்தாக வேண்டும். தூரடியில் தோண்டி, பென்சில் கனத்தில் ஒரு வேரை எடுத்து, கழுவி, குறுக்கே வழவழவென்று சீவி, வெட்டின முகத்தில் ரெண்டு சொட்டு அயோடின் விடுவேன். மாவு இருந்தால் முகம் கறுக்கும். இல்லாவிட்டால் அயோடினின் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். மஞ்சள் என்றால் கத்தி வைக்கக் கூடாது. ரெண்டு மாசம் கொழுந்தில் கை வைக்காமல் விட வேண்டும். அந்த இலைகள் சமைத்து வேருக்கு அனுப்பும். நிரம்பின பிறகு வெட்டலாம். காலி வேரோடு வெட்டினால் தூர் செத்துவிடும்.

மேனேஜர் தொரை இருந்த காலத்தில் ஒரு மலைக்கு எத்தனை இடத்தில் தோண்டுவது என்று கணக்கு உண்டு. மேடு, பள்ளம், வெயில் பக்கம், நிழல் பக்கம் எல்லாவற்றிலும் எடுக்க வேண்டும். மூலையில் ஒன்றை விட்டுவிட்டால் தொரை பூட்ஸ் காலோடு வந்து நிற்பார். அன்றைக்கெல்லாம் அவரை நான் மனசுக்குள் திட்டாத நாள் இல்லை.

பிறகு தேயிலை விலை விழுந்தது. ஏதோ ஒரு மாசம் விழுந்து மறு மாசம் எழும் என்று நினைத்தோம். எழவில்லை. முதலில் ஃபேக்டரியில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள், அப்புறம் ஃபேக்டரியையே நிறுத்தினார்கள். சம்பளம் தள்ளிப்போனது. ஒருநாள் தொரை ஜீப்பில் ஏறிக் கோயம்புத்தூருக்குப் போனார், திரும்பி வரவில்லை. காலையில் பெரட்டுக்குப் போய் நின்றோம். பேர் கூப்பிட ஆள் இல்லை.

எங்கள் லைனில் எல்லாரும் சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஜனம். நான் சின்னப் பையனாகக் கப்பலில் வந்தவன். என் பெண்டாட்டியும் அப்படித்தான். வந்து இறங்கின மண்டபம் முகாமில் தன் தம்பியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு, இந்த மலையை விட்டு இறங்கக் கூடாது. தோட்டம் மூடின அன்றைக்கு ஆளாளுக்குத் திருப்பூர், கோயம்புத்தூர் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவள்தான் எழுந்தாள்.

"ஒரு தடவ பிச்சு எறிஞ்சாங்க, வந்து ஊனிக்கிட்டோம். இனியும் பிச்சுக்கிட்டுப் போனா பொழைக்க மாட்டோம். தூரு இங்கதானே நிக்குது? பங்கு போட்டு எடுப்போம். எல்லாரும் இருந்தா எல்லாரும் இருப்போம்."

அப்படித்தான் பங்கு போட்டோம். இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு பங்கு. அவரவர் பங்கில் அவரவர் கொழுந்தெடுத்து, சாயந்திரம் வரும் வெளி ஃபேக்டரி ஏஜெண்ட் வண்டியில் எடை போட்டுக்கொள்வது. கூடவே ஒரு சட்டமும் வைத்தோம்: ஒரு மாசம் கொழுந்தெடுக்காமல் விட்ட பங்கு வேறு வீட்டுக்குப் போய்விடும். டவுனுக்குப் பிழைக்கப் போனவன் இங்கேயும் ஒரு காலை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. அந்தச் சட்டத்தைச் சத்தம் போட்டுக் கேட்டு வாங்கினவன் நான்தான். சொன்னேனே, வாய்.

எங்கள் பங்கு மலையின் மேல் கரையில் விழுந்தது. அதற்கு மேலே சோலைக்காடு. நாவலும் காட்டுச் செண்பகமும் பாசி போர்த்திக்கொண்டு நெருக்கியடித்து நிற்கும். அந்தக் காட்டுக்குத்தான் ரெண்டாவது வருஷம் அந்தப் பொண்ணு வந்தாள். மரங்களைப் பற்றிப் பெரிய படிப்பு படிக்கிறவள், கூடமாட அளக்க ஆள் வேண்டும் என்றாள். தினக்கூலி. நான் போனேன். கொழுந்தெடுக்கிற வேலையைப் பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள் என்று ஏற்பாடு.

காட்டில் என்ன வேலை என்றால், அடிமரத்தில் தகரப் பட்டை சுற்றி ஒரு ஸ்பிரிங் மாட்டியிருக்கும். விடியும் முன்னால் ஒரு தடவை, உச்சி சாய்ந்து ஒரு தடவை போய், பட்டை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

"மரம் பகல்ல இளைக்கும், ராத்திரி தேறும் அண்ணா. அதத்தான் பாக்குறோம்" என்றாள்.

"ஏன் மேடம், சக்கர வியாதியா?"

அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். இலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்தால்தான் காற்றிலிருக்கிற கரி உள்ளே போகும், இலை வெயிலில் அதைச் சர்க்கரையாகச் சமைக்கும். ஆனால் திறந்த வழியாகத் தண்ணீரும் ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் வெயிலில் மரம் நூலளவு சுருங்குகிறது, ராத்திரி வேர் உறிஞ்சிக் கொடுக்க மறுபடி ஊறுகிறது. காற்றில் கரி இருக்கிறது என்பதை நான் நம்பவில்லை. அடுப்பில் விறகு எரிந்து மிஞ்சுகிற கரி எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். மண்ணிலிருந்து என்றேன். இல்லை, முக்காலே மூணு வீசம் காற்றிலிருந்து என்றாள். அன்று மத்தியானம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் அத்தனை பெரிய நாவல் மரம், அது பூராவும் காற்று!

மாசி, பங்குனியில் வறட்டுக் காற்று அடித்தது. பத்து மணிக்கே பட்டை சுருங்கத் தொடங்கி, அப்புறம் அசையாமல் நின்றுவிடும். ஏன் என்றேன். மரம் துளைகளை மூடிக்கொண்டுவிட்டது என்றாள். வாயை மூடிக்கொண்டால் தண்ணீர் போகாது, ஆனால் சாப்பாடும் வராது. மழை வரும் வரைக்கும் ஏற்கெனவே சேர்த்து வைத்ததைத் தின்றுதான் உயிரோடு இருக்க வேண்டும்.

"சேத்தது தீந்துட்டா?"

"செத்துரும். ஆனா உடனே தெரியாது அண்ணா. ஒரு வருஷம்கூடப் பச்சையா நிக்கும். மரம் பட்டினி கெடக்குறது வெளிய இருந்து பாக்குறவங்களுக்குத் தெரியாது."

காட்டுத் தரையில் வலைத் தொட்டிகள் கட்டி, விழுகிற சருகைப் பொறுக்கி, காயவைத்து நிறுத்தோம். மண்ணில் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, மண் விடுகிற மூச்சையும் அளந்தோம். வேர் மூச்சு விடுகிறது, சருகைத் தின்கிற புழுவும் பூஞ்சையும் மூச்சு விடுகின்றன. மரம் காற்றிலிருந்து பிடித்ததில் பெரும்பகுதி இப்படித் திரும்பக் காற்றுக்கே போய்விடுகிறது. கொஞ்சம்தான் கட்டையாக, வேராக, மண்ணாக மிஞ்சுகிறது. நான் இத்தனை வருஷம் அயோடின் விட்டுக் கறுப்பாக்கிப் பார்த்தது இந்த மிச்சத்தைத்தான் என்று புரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அவள் அடுப்பங்கரையில் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது கேட்பாள். இப்போது "ம்" கொட்டுகிறாளே என்று எனக்குப் பெருமைகூட வந்தது. புருஷன் பேச்சைக் கேட்கப் பழகிவிட்டாளாம்!

அந்தப் பொண்ணிடம் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் பிடிக்காது. எந்த மரத்தை அளப்பது என்று சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பாள். வழியோரம் நல்ல மரமாக ஆயிரம் நிற்கும். சீட்டில் வருவது மூச்சுமுட்ட ஏறுகிற சரிவில், அட்டைக் கூட்டத்துக்கு நடுவில் நிற்கிற மரமாக இருக்கும். ஒருநாள் கடுப்பில், "இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் என்ன மேடம் வித்தியாசம்? ரெண்டும் ஒரே மழையிலதான நனையுது?" என்றேன்.

"கைக்கு எட்டுற மரத்தையே அளந்தா நமக்குப் புடிச்ச பதில்தான் கெடைக்கும் அண்ணா" என்றாள். ஆடி மாசம் அவள் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். பட்டையைப் பார்த்து எழுதுகிற வேலையை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆவணி பிறந்ததும் லைன் ஜனம் என்னிடம் வந்தது. தோட்டம் மூடுவதற்கு முன்னாலேயே கவ்வாத்து தவறியிருந்தது. தூரெல்லாம் நெஞ்சு உயரத்துக்கு வந்து, கொழுந்து நாளுக்கு நாள் குறைந்தது. இப்போது வெட்டினால், மூன்று மாசம் கேரட் தோட்டத்துக் கூலிக்குப் போய்ச் சமாளித்துவிட்டு, கார்த்திகையில் புதுக் கொழுந்து எடுக்கலாம். ஆனால் வேர் காலியாக இருந்தால் முதலில் ரெண்டு மாசம் சும்மா விட வேண்டும், அதற்கப்புறம் வெட்டி மூன்று மாசம். அஞ்சு மாசம் கொழுந்து இல்லாமல் தாங்குகிற வீடு எங்களில் பாதிகூட இல்லை. வேர் கறுத்தால் எல்லாரும் இருப்போம். மஞ்சளாக நின்றால் பாதிப் பேர் மூட்டை கட்ட வேண்டும். எல்லாருடைய கண்ணும் என் முகத்தில் இருந்தது.

மறுநாள் காட்டில் பட்டை பார்த்துவிட்டு இறங்கினேன். வரும் வழியில் முதலில் இருப்பது எங்கள் பங்கு. மண் இளக்கமாக இருந்தது. பழைய அயோடின் பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். கோத்தகிரி பஜாரில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற சாமான்தான். போய் வாங்கச் சோம்பேறித்தனம். எங்கள் பங்கிலேயே நாலு தூரில் தோண்டினேன். சீவிச் சொட்டு விட்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நாலும் கறுத்தன. அப்படி ஒரு கறுப்பை நான் தொரை காலத்தில்கூடப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் அன்றைக்குப் பார்த்தேன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாதையோரம் ஒரு வரிசை மட்டும் ஒழுங்காகக் கொழுந்தெடுத்திருந்தது. உள்ளே போகப் போகத் தூரின் தலையில் ஒரு முழத்துக்கு வாது நீண்டு, இலை முற்றிப்போய் நின்றது. பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? சோலையின் ஈரம் என்று நினைத்தேன். காட்டோரத்துக் குளிர்ச்சியில் இலைத்துளைகள் வெகு நேரம் திறந்திருக்கின்றன, தூர் நன்றாகத் தின்றிருக்கிறது, அதனால்தான் இந்த வளர்த்தி. இந்த மலை முழுக்கச் சோலைக்கு அடியில்தானே கிடக்கிறது, எல்லாத் தூரும் இப்படித்தான் இருக்கும். ஆறு மாசம் காட்டில் பட்டை பார்த்தவனின் மூளை! என் பெண்டாட்டியின் கை அந்தத் தூர்களில் படவே இல்லை என்பது மட்டும் அந்த மூளைக்குத் தோன்றவில்லை.

லைன் வாசலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். துண்டில் வைத்திருந்த வேரை எடுத்துத் தூக்கிக் காட்டினேன்.

"கறுப்பு! நல்லாக் கறுத்திருக்கு! நாளைக்கே கத்திய வைங்க!"

கைதட்டினார்கள். ஒருத்தர் என்னைத் தூக்கவே வந்துவிட்டார். அப்போது என் பெண்டாட்டி, வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள், மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, நம்ம தூர மட்டும் பாத்தாப் போதுமா? கீழ மலையிலயும் ஒரு தடவ பாத்துருங்களேன்."

"உனக்கென்னடி தெரியும்? வேர் பாக்குறது நீயா நானா?" என்றேன். இத்தனை பேர் முன்னால். அவள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கும் நான் ஒரு அர்த்தம் கற்பித்துக்கொண்டேன். பொம்பளைகளுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று.

ஒரே வாரத்தில் மலை முழுக்க வெட்டி முடித்தோம். கத்திச் சத்தமும் சிரிப்புமாக இருந்தது. வெட்டின விறகை டீக்கடைகளுக்குக் கட்டிக் கொடுத்தோம். எங்கள் பங்கை நானே ரெண்டு நாளில் வெட்டினேன். அவள் வரவில்லை, இடுப்புப் பிடித்திருக்கிறது என்றாள்.

ஐப்பசியில் எங்கள் தூர்களில் கட்டை முழுக்கச் சிவப்பாக முனை கட்டியது. தீபாவளிக்கு அது விரல் நீளத்துக்குத் துளிர்த்துவிட்டது. கீழே எதுவும் வரவில்லை. இன்னும் பத்து நாள், இன்னும் பத்து நாள் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கார்த்திகை மழை பெய்தது. மழை விட்டுப் பார்த்தால், மேல் கரையில் ஒரு கீற்றுப் பச்சை, அதற்குக் கீழே மலை பூராவும் வெறும் கட்டை. காலையில் தண்ணீர் பிடிக்கப் போகிற பெண்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் போகத் தொடங்கினார்கள்.

பஜாருக்குப் போய் அயோடின் வாங்கி வந்தேன். கீழ் மலையில் ஒவ்வொரு பங்காகத் தோண்டினேன். சீவினேன், சொட்டு விட்டேன், காத்திருந்தேன். மஞ்சள். அடுத்தது, மஞ்சள். சில வேர்கள் சீவும்போதே தோல் கழன்று கையோடு வந்தன. எங்கள் பங்குக்கு அடுத்தடுத்து இருந்த ஆறு பங்கில்தான் நிலைமை ரொம்ப மோசம். அங்கே வேர் சுருங்கிக் கயிறு மாதிரி கிடந்தது. ஒரே மலை, ஒரே மழை, அதே சோலைக்கு அடியில் கிடக்கிற மண். ஏன் எங்களுடையது மட்டும் கறுத்தது?

வீட்டுக்கு வந்து கத்தினேன். ஆமாம், கத்தித்தான் கேட்டேன். "நம்மது மட்டும் எப்புடிடி பொழச்சுது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எடுக்கலங்க" என்றாள். "சித்திரக் கொழுந்து முடிஞ்சதுல இருந்து நான் எடுக்கவே இல்ல. ஏற முடியல. பத்தடி வச்சா மூச்சு வாங்குது, நெஞ்சு அடிக்குது. முன்னால ஒரு வரிசைய மட்டும் எப்புடியோ எடுத்துட்டு ஒக்காந்துருவேன்."

"அப்ப சாயந்தரம் எட போட்டது யாரு கொழுந்து?"

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்தாள். அவள்தான் சொன்னாள். சொல்லும்போது, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நாங்க ஆறு பேரும் அக்கா கூடையில ஆளுக்கு ரெண்டு கை போட்டோம் அண்ணே. எட போடுற வரிசையில அக்கா நிக்கலன்னா பங்கு போயிருமில்ல, சட்டம் இருக்கே. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிருச்சு. சொன்னா நீங்க காட்டு வேலைய விட்டுருவீங்களாம். அக்காவுக்கும் சேத்து எடுக்கணும்னு, நாங்க கொஞ்சம் ஒட்ட எடுத்தோம். முத்தல், குருத்து எதையும் விடல. வேருக்குப் பட்டினின்னு எங்களுக்கு எங்க தெரியும்?"

என் வீட்டில் அத்தனை மாசம் உலை கொதித்தது அவர்கள் தூரை ஒட்டச் சுரண்டின கொழுந்தில். அந்தத் தூர்களைத்தான் நான் வெட்டச் சொன்னேன். எங்கள் தூர்கள் கொழுத்தது சோலையின் ஈரத்தால் இல்லை, என் பெண்டாட்டி சாகக் கிடந்ததால். அந்த நாலு வேரும் என்னிடம் சொன்ன சேதி அதுதான். உன் வீட்டுக்காரிக்கு உடம்பு முடியவில்லையடா என்று முகம் கறுத்துச் சொல்லியிருக்கின்றன. நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊருக்கெல்லாம் காட்டினேன். என் கையை வெட்டிப் போட்டால்கூடத் தீராது.

ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். சின்ன வயசுக் காய்ச்சலில் வந்தது, வெகு நாளாக உள்ளேயே அரித்திருக்கிறது, இனி ஆபரேஷனும் தாங்காது என்றார்கள். மாத்திரை கொடுத்து, ஓய்வில் வையுங்கள் என்று அனுப்பினார்கள்.

ஓய்வு! அது எனக்குத் தெரிந்த வைத்தியமாயிற்றே. கை படாமல் விட்டால் எல்லாம் தேறும். கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, ரெண்டு கம்பளியைப் போர்த்திவிட்டு, "அசையாத, படு" என்று பக்கத்திலேயே காவல் இருந்தேன். இருமினாள். எழுந்து உட்காரப் பார்த்தாள். பிடித்துப் படுக்கவைத்தேன். கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். பேச அவளுக்கு மூச்சு இல்லை. இருமல் மருந்து ஊற்றினேன்.

லைனில் வீடு வீடாகப் போய், எங்கள் பங்கை எல்லாருமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். ஒருத்தரும் வாங்கிக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வீட்டுக்கு அந்தக் கொழுந்து எந்த மூலைக்கு? மார்கழியில் ஒவ்வொரு வீடாகக் கிளம்பினார்கள். திருப்பூருக்குச் சிலர், கோயம்புத்தூர் கட்டட வேலைக்குச் சிலர். போகிறவர்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அக்கா தூங்குதா? சரி, எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடைசியாகப் பக்கத்து வீட்டுக்காரி கிளம்பினாள். பகல் பதினோரு மணி. ஜீப்பில் பாத்திர மூட்டையை ஏற்றிவிட்டு, அவள் வீட்டுக்காரர் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் ஜீப்பை மறித்துக்கொண்டு நின்றேன். வாய் நீளமானவனுக்கு அன்றைக்கு வந்த பேச்சு இதுதான்.

"எம் பேச்ச நம்பித்தானம்மா வெட்டுனீங்க. எம் மூஞ்சியில காறித் துப்பிட்டுப் போங்க."

அவள் எனக்குப் பின்னால், திறந்திருந்த எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தாள். உள்ளேயிருந்து இருமல் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, அக்காவ மல்லாக்கவா படுக்க வச்சிருக்கீங்க?" என்றாள். "அப்புடி வைக்காதீங்க அண்ணே. மூச்சு முட்டும். முதுகுக்கு ரெண்டு தலகாணி குடுத்து, சாச்சு ஒக்கார வைங்க. கால கீழ தொங்கப் போடணும். காட்டோரத்துல நாங்க அப்புடித்தான் வச்சிருப்போம், அந்த நாவ மரத்துல சாச்சு. கொஞ்ச நேரத்துல அசந்து தூங்கிரும்."

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள். வண்டி வளைவில் இறங்கி மறைந்தது.

உள்ளே போனேன். வீட்டில் இருந்தது ஒரே தலையணை. கம்பளிகளைச் சுருட்டி இன்னொன்று செய்து, அவளைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்தேன். காலைத் தொங்கவிட்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். இருமல் மெல்ல மெல்ல அடங்கியது. கால் மணி நேரத்தில் தலை என் தோளில் சாய்ந்தது. அத்தனை நாளில் முதல் தடவையாக, நோவில்லாத தூக்கம்.

அவளைத் தலையணையில் சாய்த்துவிட்டு வாசலுக்கு வந்தேன். லைனில் இருபத்தோரு கதவிலும் பூட்டுத் தொங்கியது. அவள் தூங்கிவிட்டாள் என்று சொல்வதற்கு ஒரு ஆள் இல்லை.